பத்துக் கிலோமீட்டர் வானொலி: கூத்தும் புத்தகமும் வார்டும் அலையேறும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குள் போனால் கையும் கண்ணும் வெள்ளியில் இருக்கும். காது வானொலியில் இருக்கும். திரைப்பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், மறுபடியும் திரைப்பாட்டு என்று பொழுது நகரும். அந்தப் பட்டறைக்கு நாலு தெரு தள்ளி நேற்றிரவு ஒரு நாடகம் நடந்திருக்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவரின் கவிதைத் தொகுப்பு ஒரு சிறிய அரங்கில் வெளியாகியிருக்கலாம். வார்டில் குடிநீர்க் குழாய் பதிப்பது பற்றிக் கூட்டம் நடந்து முடிந்திருக்கலாம். இந்த மூன்றும் அந்த வானொலிப் பெட்டியில் வருவது அரிது. ஏன் அரிது, வரவழைக்க என்ன வழி, சட்டம் எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். வானொலி பற்றி ஏற்கெனவே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் வானொலி நடத்துபவர்கள் மூன்று வகை. முதலாவது அரசின் அகில இந்திய வானொலி. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கின. அவை பேசிய மத்திய அலை தரையை ஒட்டிப் படர்ந்து வெகுதூரம் போகும். ஒரே நிலையத்தைப் பல மாவட்டங்கள் கேட்கும். இசை, நாடகம், இலக்கிய உரை, வேளாண் செய்தி என்று தமிழுக்கு அந்த நிலையங்கள் செய்திருப்பது மிகப் பெரிய காரியம். ஆனால் பல மாவட்டங்களுக்குப் பொதுவான நிலையம் சேலம் அம்மாப்பேட்டையின் ஒரு தெருவைப் பற்றி அரைமணி நேரம் பேச முடியாது. பேசினால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. இந்தக் குறையை அகில இந்திய வானொலியே உணர்ந்து, 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை நாகர்கோவிலில் தொடங்கியது. ஒரு வட்டாரத்தின் பேச்சையும் பாட்டையும் தேவையையும் மட்டும் கவனிக்கும் நிலையம் என்ற எண்ணம் இங்கே வேர்விட்டது தமிழ் மண்ணில்தான்.

இரண்டாவது வகை, தனியார் பண்பலை. 2001 முதல் இந்தியாவில் ஒலிக்கிறது. விளம்பர வருமானத்தில் நடப்பதால் அதிகம் பேர் கேட்பதை நாடியே போகும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதன் கணக்கு அப்படி.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு உரியது: சமுதாய வானொலி. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு, தன்னைச் சுற்றியுள்ள மக்களுக்காக, அந்த மக்களையே பேசவைத்து நடத்தும் சிறு நிலையம். இதற்கு அடிகோலியது 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கு அது. காற்றலை பொதுச்சொத்து, அது அரசின் தனியுடைமை ஆகாது என்று நீதிமன்றம் அப்போது சொல்லியது. அதன்பின் 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக வானொலியாக ஒலித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008-இல் இன்றைய தெலங்கானாவில் உள்ள மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி தொடங்கியது. 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை வந்தது. கடலுக்குப் போகிறவருக்குக் காற்றின் வேகம் தெரிய வேண்டும், கரையில் இருப்பவருக்கு மீன் விலை தெரிய வேண்டும். இப்படி ஓர் ஊரின் வேலையே நிகழ்ச்சியின் உருவத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்த நிலையங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அலைபரப்பியின் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. கோபுரம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சமவெளியில் இது ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரை எட்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில், உள்ளூர் மக்களின் பங்கோடு உருவாக வேண்டும். தனி ஆளுக்கோ, அரசியல் கட்சிக்கோ, கட்சி சார்ந்த அமைப்புக்கோ உரிமம் கிடையாது. 2024-இல் திருத்திய விதிகளின்படி நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எனக்கு இந்த விதிகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். வார்டுப் பிரச்சினை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி தண்ணீர், ரேஷன், மருத்துவம், பள்ளி பற்றியவை. அவற்றை நாள்தோறும் சுமப்பவர்கள் பெண்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய் என்று 2024-இல் உயர்த்தினார்கள். 12 நிமிடத்தையும் அப்படி நிரப்பினால் மணிக்கு 5,328 ரூபாய் வரும். நாள் முழுவதும் நிரப்பும் அளவுக்கு விளம்பரம் எந்தச் சிறு நிலையத்துக்கும் எளிதில் கிடைக்காது. ஆகவே இது தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடும் வண்டி என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மலையில் அலை எப்படிப் போகும்?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். பண்பலை, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இயங்குகிறது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கோபுரத்துக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு மலை முகடு நின்றால், முகட்டுக்கு அப்பால் அலை நலிந்துபோகும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் நின்றால் சேலம் நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு அலையும் தடையின்றி வரும். அங்கிருந்து உள்ளே ஏரிப் பக்கம் இறங்கினால் முகடு மறைத்துவிடும். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மடிப்புகளில் ஒதுங்கியிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கோ நிலைமை இன்னும் கடினம்.

ஆகவே சமவெளியில் இருக்கும் ஒரு சிறு நிலையத்தால் மலைக்கும் சேர்த்துப் பேச முடியாது. மலைக்குத் தனி நிலையம் வேண்டும். அதை எந்த முகட்டில் வைப்பது என்பதைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எந்தெந்த ஊர் விடுபடும் என்று வரைபடத்தில் குறித்த பிறகே இடம் தேட வேண்டும் என்பது என் கருத்து. உயரமான இடம் கிடைத்தது என்று கோபுரத்தை நட்டால் அது சேலத்துக்குக் கேட்கும், அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்காது. மழைக்காலத்தில் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மண் சரிந்திருக்கிறது, காட்டெருமை எந்தப் பாதையில் இறங்கியிருக்கிறது, மிளகும் காப்பியும் என்ன விலை போகின்றன என்பவை அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவருக்குத்தான் முதலில் வேண்டும்.

கூத்தைக் காதுக்குக் கொண்டுவருதல்

சேலத்துக்கும் மேடைக்கும் பழைய உறவு. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்த ஸ்டுடியோவை டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கினார். நாடக மேடையில் பாடியும் பேசியும் பழகிய பலர் திரைக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று. இன்னொரு பக்கம் மேட்டூர் வட்டாரத்துக் கிராமங்களில் தெருக்கூத்தும் பொம்மலாட்டமும் இன்னும் விடிய விடிய நடக்கின்றன. அந்த வட்டாரத்து ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் மணல்வீடு இதழும் களரி அமைப்பும் அந்தக் கலைஞர்களைத் தொடர்ந்து எழுத்திலும் மேடையிலும் முன்னிறுத்துகின்றன. எழுத்தும் மேடையும் செய்வதை ஒலியும் செய்யலாமே என்பதுதான் நான் சொல்லவருவது.

வானொலியில் நாடகத்தைக் கவனிப்பது என்றால் மூன்று காரியங்கள் கலந்தது. நடப்பதற்கு முன் சொல்வது, நடக்கும்போது பதிவு செய்வது, நடந்த பின் பேசுவது. முதலாவது எளிது: எந்த ஊர், எந்தக் கோயில் திடல், எந்தக் குழு, என்ன கதை, எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எப்போது. கடைசிப் பஸ் நேரத்தைச் சொல்லாத அறிவிப்பு பாதி அறிவிப்புதான்.

பதிவு செய்வதில்தான் வேலை இருக்கிறது. கூத்துத் திடலில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் ஒன்றாக எழும்பும்போது, ஒரே மைக்கைத் திடலின் நடுவில் வைத்தால் பாடுபவரின் சொல் அமுங்கிவிடும். வாத்தியக்காரர்களுக்கு ஒரு மைக், ஆடுபவர் நின்று பாடும் இடத்தை நோக்கி ஒன்று, கூட்டத்தின் ஒலிக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் பின்னால் வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். கூட்டத்தின் ஒலியை விடக் கூடாது. கர்ண மோட்சக் கூத்தில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசும் இடத்தில் திடல் எப்படி அடங்குகிறது என்பதும் அந்தக் கலையின் பகுதி. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஊர்த் தலைவரையும் சாலைக் குழியையும் இழுத்துச் சிரிக்கவைக்கும்போது எழும் ஆரவாரமும் அப்படியே. ஊர் அரசியலை ஊர் நடுவில் முகத்துக்கு நேரே பேசும் உரிமையை நம் மரபு கட்டியங்காரனுக்கு எப்போதோ கொடுத்துவிட்டது.

பதிவுக்கு முன் கலைஞர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்த்தலின்மீது தனி உரிமை தருகிறது; அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஒலிபரப்ப முடியாது. கிராமத்துக் கலைஞர் கேட்கமாட்டார் என்பதற்காக அதை விட்டுவிடுவது தவறு. சிறு தொகையாவது கொடுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் நிகழ்ச்சியில் சொல்லுங்கள், வாத்தியக்காரர்களையும் சேர்த்து.

கண்ணுக்கே உரிய ஒன்றைக் காதுக்குச் சொல்வதற்குச் சேலத்தில் ஒரு நல்ல பயிற்சிக்களம் உண்டு. ஆடித் திருவிழாவில் குகை என்ற பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நடக்கும் வண்டி வேடிக்கையைச் சொல்கிறேன். தெய்வ வேடம் பூண்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் அசையாமல் நிற்க, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பேச்சில்லை, பாட்டில்லை, பார்ப்பதுதான். அதை நேரடியாக வருணிக்கும் அறிவிப்பாளர் "மிக அழகாக இருக்கிறது" என்று சொல்லிப் பயனில்லை. எந்த நிறம், எத்தனை கை, ஒவ்வொரு கையிலும் என்ன, வேடம் கட்ட எவ்வளவு நேரம் ஆயிற்று, வேடக்காரர் மற்ற நாள்களில் என்ன வேலை செய்கிறார், வண்டியை யார் ஜோடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். பார்வையற்ற நேயர் ஒருவர் தனக்கு எதிரே உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு பேசினால் வருணனை தானாகவே துல்லியமாகும்.

நடந்த பிறகு பேசுவதைத்தான் நம் நிலையங்கள் மிகக் குறைவாகச் செய்கின்றன. நாடகம் ஓரிரவில் முடிந்துபோகிறது. மறுநாள் அதைப் பற்றி யாராவது கவனமாகப் பத்து நிமிடம் பேசினால், பார்க்காதவருக்கும் அது போய்ச்சேரும். நடித்தவருக்கும் யாரோ உன்னித்துப் பார்த்தார்கள் என்று தெரியும். பாராட்டு மட்டும் போதாது. இரண்டாம் காட்சி ஏன் இழுத்தது, எந்தப் பாட்டில் சுருதி விலகியது என்பதையும் மரியாதையோடு சொல்ல வேண்டும். உள்ளூர் என்பதற்காக நடிகரைக் குழந்தைபோல் தட்டிக்கொடுப்பது அவருடைய உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும்.

புத்தகம்

புத்தக நிகழ்ச்சி என்றாலே நூலாசிரியரை உட்காரவைத்து "இந்த நூலை எழுதத் தூண்டியது எது?" என்று தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அதைவிட ஒரு வாசகரைக் கூப்பிடுங்கள். தறிக்காரர், ஆசிரியர், செவிலியர், கல்லூரி மாணவர், யாராக இருந்தாலும் சரி. அவர் ஒரு பக்கத்தை வாசிக்கட்டும், அந்தப் பக்கம் தன்னை ஏன் நிறுத்தியது என்று சொல்லட்டும். சேலத்துப் பேச்சு வழக்கில் எழுதிய சிறுகதையைச் சேலத்துக் குரலிலேயே கேட்பது தனி இன்பம். அதை வேறு எந்த ஊர் நிலையமும் தர முடியாது.

எவ்வளவு வாசிக்கலாம்? விமரிசனத்துக்காகச் சில பத்திகளை எடுத்துக்காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. முழு நூலையும் தொடராக வாசிக்க வேண்டுமானால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் உரிமை முடிந்துவிடும். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தவர். அவருடைய நாடகங்களை யாரும் எடுத்து நடத்தலாம். இவை தவிர, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் ஏராளம் இருக்கின்றன. பழைய சேலம் மாவட்டத்தின் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் எழுத்துகளும் அவற்றில் அடங்கும். ஒரு புதிய நிலையம் முதல் ஆண்டை நாட்டுடைமை நூல்களை வைத்தே ஓட்டிவிடலாம். சேலம் புத்தகத் திருவிழா நடக்கும் நாள்களில் அரங்குக்கே போய் உரைகளைப் பதிவு செய்யலாம்.

வார்டு அரசியல்: கோடு எங்கே?

இனி கடினமான பகுதி. சமுதாய வானொலி செய்தி சொல்லக் கூடாது. நடப்பு நிகழ்வுகளைப் பற்றியும் அரசியல் சார்ந்தும் நிகழ்ச்சி நடத்தக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. தனியார் பண்பலைக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். டெல்லிச் செய்தியை ஒலிபரப்ப அனுமதி இருக்கிறது. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நடந்ததைச் செய்தியாகச் சொல்ல அனுமதி இல்லை.

ஆனால் எது செய்தி ஆகாது என்றும் விதியே சொல்கிறது. போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு விழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், உடல்நலம் பற்றிய அறிவிப்புகள் ஆகியவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். புதிதாக இதில் இறங்குபவர் இந்தப் பட்டியலைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். நாடகமும் புத்தகமும் பண்பாட்டு நிகழ்ச்சிகள் என்பதால் அங்கே தடையே இல்லை. வார்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும்.

கவனத்தோடு எவ்வளவு செய்யலாம் என்று பாருங்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். தன் வார்டு எந்த மண்டலத்தில் இருக்கிறது, குப்பை அள்ளாவிட்டால் யாரிடம் மனு கொடுக்க வேண்டும், மனுவுக்கு ரசீது வாங்குவது எப்படி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி எழுதுவது எப்படி என்பதெல்லாம் செய்தி அல்ல, கல்வி. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தேதி, இடம், பேசவிருக்கும் பொருள்கள், ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் உரிமை ஆகியவற்றை நாள்தோறும் சொல்லிவந்தால், வெறும் கையெழுத்துக் கூட்டமாக முடிவது குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். தமிழகச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே. ஏற்காடு அதில் ஒன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் நிலத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று மலை ஊர்களின் பேச்சுத் தமிழிலேயே விளக்கும் தொடர் ஒன்று அங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.

வரலாறும் செய்தி ஆகாது. ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானது, 1944-இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது, பனமரத்துப்பட்டி ஏரியை நம்பி நகரம் தண்ணீர் குடித்த காலம் ஆகியவற்றை எல்லாம் முதியவர்களின் குரலில் பதிவு செய்யலாம். ஒரே எச்சரிக்கை: இன்றைய கட்சி எதையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிமுறை சமுதாய வானொலிக்கும் பொருந்தும்.

இத்தனை இருந்தும் இந்தத் தடை சரியல்ல என்றே கருதுகிறேன். 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக நிலம் அளந்தபோது, யாருடைய வயல் போகிறது, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது, இரு தரப்பும் என்ன சொல்கின்றன என்பதைப் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு நிலையம் செய்தியாகச் சொல்ல விதி இடம் தரவில்லை. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத தடை, மிகச் சிறிய, மிக அருகில் இருக்கும் ஊடகத்துக்கு இருக்கிறது. நேபாளத்தில் 1997-இல் தொடங்கிய ரேடியோ சகர்மாதா முதல் சமுதாய நிலையங்கள் செய்தி சொல்லிவருகின்றன. இங்கே காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு 2013-இல் இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. இரு தரப்பையும் கேட்க வேண்டும், பிழையைத் திருத்த வேண்டும், தேர்தல் காலத்தில் ஆணையத்தின் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு உள்ளூர்ச் செய்திக்கு அனுமதி தருவதே முறை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அதன்பின் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். கூத்துப் பதிவு, வாசகர் பேச்சு, முதியவர் நேர்காணல் ஒவ்வொன்றுக்கும் ஊர், தேதி, குழுவின் பெயர், பேசியவர்கள், பதிவு செய்தவர், ஒப்புதல் வாங்கிய விவரம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரோடு எழுதி இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு படியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். உரிமம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் கேட்கும் பொறுமையும் இருந்தால் இந்த ஆடியிலேயே பதிவைத் தொடங்கிவிடலாம்.